‘அன்லிமிடெட்’ பிராட்பேண்ட்: வேகம் குறையும் முன் உங்களுக்குச் சொல்ல வேண்டியவை

வீட்டு பிராட்பேண்ட் பிளானில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தாலும், மாதம் முழுக்க அதே வேகம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான பிளான்களில் குறிப்பிட்ட ஜிபி தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நெட் நிற்காது, கூடுதல் பில் வராது, ஆனால் எல்லாம் ஊர்ந்து போகும். இதைத்தான் எஃப்.யூ.பி, அதாவது நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்கிறார்கள்.

இப்படி வரம்பு வைப்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் தடுக்கவில்லை. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2012 ஜூலையிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. வரம்பு எத்தனை ஜிபி, அதுவரை என்ன வேகம், அதைத் தாண்டினால் என்ன வேகம் என்ற மூன்று விவரமும் இணையதளத்திலும் விளம்பரத்திலும் இருக்க வேண்டும். இணைப்பு வாங்கும்போது மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள். விற்க வருபவர் தானாகச் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் அதைத்தான்.

2016 அக்டோபரில் வந்த உத்தரவு இன்னும் இரண்டு பாதுகாப்பு தந்தது. ஒன்று, டேட்டா 50%, 90%, 100% தீரும்போது எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் தகவல் வர வேண்டும். இன்னொன்று, வரம்பைத் தாண்டினாலும் வீட்டு இணைப்பின் டவுன்லோடு வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது.

அந்த 512-ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜிபி இறங்கவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறும். 2023-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தையே 2 எம்பிபிஎஸ் ஆக, அதாவது அந்த 512-ஐப் போல ஏறக்குறைய நாலு மடங்காக உயர்த்திவிட்டது. அதற்குக் கீழே போகும் வேகத்தை பிராட்பேண்ட் என்று சொல்லி விற்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, 90% தகவல் ஏன் பலருக்கு வருவதே இல்லை? முதலில் பார்க்க வேண்டியது, கணக்கில் யாருடைய எண் இருக்கிறது என்பதை. உள்ளூர் கேபிள்காரர் மூலம் இணைப்பு வாங்கியிருந்தால் அவருடைய எண்ணோ, பழைய சிம்மின் எண்ணோ பதிவாகியிருக்கலாம். நிறுவனத்தின் ஆப்பில் நுழைந்து உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபாருங்கள். அப்படியே இந்த மாதம் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். அப்லோடையும் சேர்த்தே கணக்கிடும் பிளான்கள் உண்டு. வீட்டு கேமரா இரவும் பகலும் வீடியோவை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் வரும்.

தகவல் தராமலே வேகத்தைக் குறைத்தால் கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தொலைத்தொடர்புப் புகார்களுக்கும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கேயும் மனுவுக்குக் கட்டணம் இல்லை.