சில்கூட் பாதை: ஏற்றத்தைவிட ஈரம்தான் ஆபத்து

அலாஸ்காவின் டையீயிலிருந்து கனடாவின் பென்னட் ஏரி வரை 53 கிலோமீட்டர் மலை நடைபாதை இது. சில்கூட் கணவாயின் உச்சி 1,067 மீட்டர்தான். உயர நோய்க்கு அஞ்ச வேண்டாம். இந்தப் பாதையில் ஆளைச் சாய்ப்பது ஹைப்போதெர்மியா, அதாவது உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடுவது. அதற்கு உறைபனி தேவையில்லை. ஐந்தாறு டிகிரி குளிரும் மழையும் காற்றும் போதும்.

இப்பகுதிப் பழங்குடியினரான டிலிங்கிட் மக்களின் இந்த வணிகப் பாதையில்தான் 1897-98இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் தேடிப் போனவர்கள் ஏறினார்கள். ஓராண்டுக்கான உணவும் சாமானும் இல்லாதவரைக் கனடியக் காவல்படை உள்ளே விடவில்லை. அதனால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமையைப் பல நடையாகத் தூக்கிச் சேர்த்தார்கள். பனியில் அவர்கள் வெட்டிய ‘தங்கப் படிகள்’ இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்குக் கோடையில் கிடைப்பது செங்குத்தான பாறைக் குவியல். நனைந்தால் வழுக்கும்.

கணவாய்க்கு முன்னுள்ள ஷீப் கேம்ப் முகாமிலிருந்து அதைத் தாண்டியுள்ள ஹேப்பி கேம்ப் முகாம் வரையிலான சுமார் 13 கிலோமீட்டர்தான் கண்டம். இடையில் கூடாரம் அடிக்க அனுமதியில்லை. பத்து மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்: வெயில் ஏறினால் பனி இளகிப் பனிச்சரிவு அபாயம் கூடும். 1898 ஏப்ரல் 3 அன்று இந்தச் சரிவுகள் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தன.

ஏறும்போது வேர்த்து நனைந்த உடலோடு உச்சியில் நின்று படம் எடுப்பதுதான் வழக்கமான தவறு. அங்கே காற்று வெட்டும். இன்னும் பாதி நாள் நடை பாக்கி இருக்கும். ஏறும்போது ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நிற்பதற்கு முன் போட்டுக்கொள்ளுங்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்து உடல் சூட்டை உறிஞ்சும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. ஒரு மாற்று உடையும் ஸ்லீப்பிங் பேக்கும் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். பைக்கு மேலே போடும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள்.

உடன் வருபவர் தடுமாறினால், பேச்சு குழறினால், ஜிப்பைப் போட முடியாமல் திணறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஈர உடையைக் கழற்றி, தரைக் குளிர் ஏறாதபடி கீழே விரித்து, உலர்ந்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்க வையுங்கள். விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம். மது கூடாது, கைகாலைத் தேய்க்கவும் கூடாது. சூடாகாமலே நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை முற்றிவிட்டது.

பென்னட்டுக்குச் சாலை கிடையாது. அங்கிருந்து திரும்பும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில்தான் பலர் மோசமான வானிலையில் கணவாய் ஏறுகிறார்கள். அனுமதிச்சீட்டு வாங்கும்போதே ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.