பட்டினி போட்டால் பார்த்தீனியம் போகாது

களையைத் தின்று நோயோடு என்னிடம் வந்த ஆட்டுப்பட்டி இந்த மாதத்தில் இது மூன்றாவது. போன வாரம் மூலனூர்ப் பக்கமிருந்து ஐந்து செம்மறிகளை வேனில் ஏற்றி வந்தார்கள். காது தடித்து, மூக்குத் தோல் வெடித்து, இமையைப் புரட்டினால் மஞ்சள். என்ன தின்றது என்று கேட்டேன்.

“ஆடு மேயற கொறங்காடு பூராவும் களைங்க டாக்டர். நாப்பது உருப்படி வாங்கி உள்ள விட்டுப் படலைச் சாத்திட்டனுங்க. பசிச்சா ஆடு எல்லாத்தையும் தின்னுப்போடும்னாங்க.”

தின்றுதான் இருக்கின்றன, வேலியோரத்து உண்ணிச்செடியை (லாண்டானா). இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆட்டை மேய்த்துக் களையை அடக்குவது பொய் வித்தை இல்லை. அமெரிக்காவில் மொன்டானா, டகோட்டா புல்வெளிகளில் மாடு சீண்டாத ஒரு பால்களையைச் செம்மறியை விட்டே கட்டுக்குள் வைக்கிறார்கள். அந்தக் களை செம்மறிக்குப் பிடிக்கும், ஒத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்டைப் பார்த்தீனியத்தில் விட்டால்?

“ஆடு திங்காத தழை உண்டா” என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். உண்டு. ஆடு தொடாததால்தான் அது ஆடாதோடை. ஆடுதீண்டாப்பாளைக்குப் பேர் வைத்தவனும் மேய்ச்சல்காரனாகத்தான் இருப்பான். மேய்ந்து மொட்டையான காட்டில் எருக்கும் ஆவாரையும் மட்டும் செழித்து நிற்பதைப் பார்த்ததே இல்லையா? செம்மறி பொறுக்கித் தின்னும். உள்ளே விட்டதும் முதலில் போவது கொழுக்கட்டைப் புல்லின் இளங்குருத்து. துளிர்க்கத் துளிர்க்கக் கடித்தால் புல்லின் வேர் ஓய்ந்துபோகும், மண் வெளியே தெரியும். அடுத்த மழைக்கு அந்த வெற்று மண்ணில் முளைப்பது பார்த்தீனியம். ஒரு செடியே பல்லாயிரம் விதை உதிர்க்கும். அதாவது, களையை ஒழிக்க வாங்கிய ஆடு களைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. புல் தீர்ந்த பிறகு வேறு வழியில்லாமல் விஷத்தழையில் வாய் வைக்கிறது. அதைத்தான் “இப்பத் திங்க ஆரம்பிச்சிடுச்சுங்க” என்று சந்தோஷமாகச் சொல்கிறீர்கள்.

(இதே கொழுக்கட்டைப் புல் அரிசோனாவில் ஆக்கிரமிப்புக் களை. அங்கே அதைப் பிடுங்கி எறிய ஆள் திரட்டுகிறார்கள். இங்கே அது போய்விடுமே என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.)

மேய்க்கிறதானால் முறையாக மேய்க்க வேண்டும். மழைக்குப் பின் களை இளசாக, பூக்காமல் இருக்கும்போது நிறைய ஆடு, கொஞ்ச நாள். புல் ஒரு சாணுக்குக் குறையும் முன் பட்டியை மாற்றுங்கள். புல் விதை உதிர்க்கும்வரை அந்தப் பக்கம் ஆட்டைக் காட்டாதீர்கள். கிளுவை வேலி போட்டுக் காட்டை அடைப்பு அடைப்பாகப் பிரித்தது அழகுக்கா? அந்த வேலியைப் பிடுங்கி ஒரே காடாக்கிவிட்டு, வருஷம் முழுக்க ஆடு நிற்கிறது என்று பெருமை வேறு.

உண்ணிச்செடியை ஆடு நுழையும் முன்பே வெட்டி அப்புறப்படுத்துங்கள். வெட்டிய கொப்பை உள்ளேயே போட்டுவைக்காதீர்கள், வாடினாலும் விஷம் விஷம்தான். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். செம்மறி அதைக் கொஞ்சம் கடிக்கும், ஆனால் வாய் புண்ணாகும், கறியில் வாடை ஏறும். வேலிக்காத்தான் (சீமைக்கருவேல்) நெற்று தின்ற ஆட்டை நேராக நல்ல காட்டுக்கு ஓட்டாதீர்கள். புழுக்கையோடு விதையும் போய் முளைக்கும். ஒரு வாரமாவது பட்டியில் கட்டித் தீனி போடுங்கள். சந்தையில் வாங்கி வந்ததை அன்றைக்கே, பசியோடு, களைக்காட்டில் விடவே விடாதீர்கள். முதலில் சோளத்தட்டும் தண்ணீரும்.

உண்ணி தின்றது தெரிந்தால் உடனே நிழலில் கட்டுங்கள், வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். வயிறு வேலை நின்று தழை உள்ளேயே கிடந்து விஷம் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வரும்போது அது மேய்ந்த செடியில் ஒரு கொப்பு ஒடித்து வாருங்கள். “ஏதோ பச்சைங்க” என்று சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.