படத்தில் தெரியாத தடிமன்

நான் முதலில் வாங்கிய ஐரோப்பிய இடைக்கால வாளின் நகல், பார்வைக்கு அச்சு அசலாக இருந்தது. அலகு 80 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிலுவை மாதிரி ஒரு குறுக்குக் காப்பு, கைப்பிடியின் கடைசியில் வட்டக் குமிழ். அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல வாளின் அளவுகளோடு எல்லாமே பொருந்தியது. ஆனால் நாலு தடவை வீசியதும் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

அதே நீளத்தில் நண்பனிடமும் ஒரு நகல் இருந்தது. அதை வீசும்போது கையில் ஏதோ குச்சி இருப்பதுபோலத்தான் தோன்றியது. இரண்டையும் தராசில் வைத்தோம். என்னுடையது 1.7 கிலோ, அவனுடையது 1.2. சரி, அரைக்கிலோ வித்தியாசம். ஆனால் அரைக்கிலோவுக்கு இவ்வளவு பாடா? வெர்னியரை எடுத்து அலகின் தடிமனை அளந்தோம். என் வாள் காப்பின் அருகே 5 மி.மீ., நுனிக்கு ஒரு சாண் முன்னாலும் அதே 5 மி.மீ. அவன் வாள் காப்பருகே 6 மி.மீ., என்னுடையதைவிடத் தடிமன்! நடுவில் 4, நுனிப்பக்கம் இரண்டரை.

வாளை எப்போதும் முகத்துக்கு நேராகத்தான் படம் எடுப்பார்கள். நீளமும் அகலமும் தெரியும், தடிமன் தெரியாது. படத்தைப் பார்த்து வாள் செய்பவர் ஒரே தடிமனான பட்டையை வாங்கி, வாள் வடிவத்தில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து விற்றுவிடுவார். இடைக்கால வாள் என்றாலே தூக்க முடியாத கனம் என்ற எண்ணம் பரவியதில் இப்படிப்பட்ட நகல்களுக்கும் பங்கு உண்டு. அசலில் ஒருகை வாள்கள் பெரும்பாலும் 1 முதல் 1.4 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரண்டு கையால் பிடிக்கும் நீள வாள்கூட ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான்.

எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு சுத்தியலைக் காம்பில் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் தலையைப் பிடித்துக்கொண்டு காம்பை ஆட்டுங்கள். அதே சுத்தியல்தான், ஆனால் இரண்டாவது முறை விசிறி மாதிரி ஆடும். பதினொன்றாம் வகுப்பில் படித்த நிலைமத் திருப்புத்திறன் இதுதான். ஒரு பொருள் சுழற்சியை எவ்வளவு எதிர்க்கும் என்பது அதன் நிறையோடு, சுழலும் இடத்திலிருந்து அந்த நிறை இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால் கிடைக்கும். தூரம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு.

இதை வாளுக்குப் போட்டுப் பாருங்கள். நீளம் முழுக்க ஒரே சீரான அலகு ஒன்று. அதே நீளம், அதே எடையில், நிறை நுனியை நோக்கிச் சீராகக் குறைந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும் அலகு இன்னொன்று. கைப்பக்க முனையை வைத்துக் கணக்கிட்டால் இரண்டாவதன் திருப்புத்திறன் முதலாவதில் சரியாகப் பாதி. உண்மையான வாள்கள் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். அந்தக் காலக் கொல்லர்களுக்குச் சூத்திரம் தெரியாது. ஆனால் தகட்டை எங்கே மெலிய அடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

சேகரிப்பவர்கள் பலரும் முதலில் கைவைப்பது குமிழில்தான். வாள் முன்பக்கம் கனக்கிறதா, பின்னால் கனமான குமிழைப் போடு என்பார்கள். நானும் போட இருந்தேன். நல்லவேளை, முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 1.2 கிலோ வாள், அதன் எடை மையம் (விரலில் வைத்தால் சாயாமல் நிற்கும் இடம்) காப்பிலிருந்து 16 செ.மீ. முன்னால் என்று வையுங்கள். காப்புக்கு 15 செ.மீ. பின்னால் 150 கிராம் கூட்டினால் எடை மையம் சுமார் 12.5 செ.மீ.க்கு வந்துவிடும். விரலில் வைத்துப் பார்த்தால் பிரமாதம். ஆனால் நுனியில் இருந்த இரும்பு அங்கேயேதான் இருக்கிறது. திருப்புத்திறன் ஒரு துளியும் குறையாது, உண்மையில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். மெதுவாகப் பிடித்திருக்கும்போது சுகம், வேகமாகத் திருப்பும்போது பழைய பாடு. வாளின் நோய் நுனியில் இருந்தால் மருந்தும் நுனியில்தான்.

அப்படியானால் எல்லா வாளையும் மெல்லியதாகச் செய்துவிடலாமே? முடியாது. தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. வெட்டும் வாளுக்கு அது பரவாயில்லை. குத்தும் வாளுக்கு ஆகாது, குத்தும்போது வளைந்துகொடுக்கும். ஐரோப்பிய வாள்களை 10 முதல் 22 வரை ரோமன் எண் போட்டு வகை பிரித்த யூவர்ட் ஓக்ஷாட் (1916–2002) வரிசையில் இந்த இழுபறி தெளிவாகத் தெரியும். 10-ஆம் வகை அகன்றது, நடுவே நீளமான பள்ளம் கொண்டது, வெட்டுவதற்கானது. 15-ஆம் வகை முக்கோணம் போலக் கூர்ந்தது, நடுவில் முதுகெலும்பாக ஒரு வரம்பு உண்டு. வீரர்கள் இரும்புத் தகட்டுக் கவசம் அணியத் தொடங்கியபின், அதன் இடுக்குகளில் குத்துவதற்கு விறைப்பு வேண்டியிருந்தது. பள்ளம் ரத்தம் வழிந்தோடத்தான் என்று கதை சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை, எடை குறைக்கத்தான்.

இன்னொரு சோதனை. வாளை நுனி மேலே இருக்கும்படி லேசாகப் பிடித்துக்கொண்டு குமிழைக் கைமுட்டியால் தட்டுங்கள். அலகு நடுங்கும். நுனிப்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் ஓரிடம் மட்டும் அசையாமல் நிற்கும். அதிர்வின் கணு அது. அந்த இடத்தில் வெட்டு விழுந்தால் அதிர்வு கைக்கு அதிகம் வராது. நண்பன் வாளில் இன்னொரு கணு கைப்பிடிக்குள்ளேயே விழுந்தது. என் வாளில் அது காப்பைத் தாண்டி அலகில் இருந்தது. கை கூசியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நல்ல நகல்களுக்கு 5160, 6150 போன்ற ஸ்பிரிங் எஃகு. இந்தியாவில் ஈஎன் 45-உம் உண்டு. லாரிக்கு அடியில் இருக்கும் பட்டையும் இதே குடும்பம்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாள் அடிப்பதும் அந்தப் பட்டையில்தான். 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் எஃகு கண்ணாடிபோல் கடினமாகி எளிதில் உடையும். மறுபடி மிதமாகச் சூடாக்கிக் கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்தால், வளைத்தாலும் நிமிரும் குணம் வரும். சுவரில் மாட்டும் பளபள வாள்கள் வேறு ரகம். பலதில் கைப்பிடிக்குள் போகும் காம்பு, பற்றவைத்த ஒல்லிக் கம்பியாகத்தான் இருக்கும். வீசினால் பற்றவைத்த இடம் விட்டு அலகு தனியே பறக்கும். அவற்றைத் தயவுசெய்து சுவரிலேயே விட்டுவிடுங்கள்.

என் வாளின் காம்பு நல்ல காம்பு, எஃகும் சரியானது. அதனால் அலகைத் தேய்க்கத் துணிந்தேன். இயந்திரத்தில் சுழலும் உப்புத்தாள் பட்டையில் தேய்க்கும்போது சூடு ஏறும். சுமார் 300 டிகிரியில் எஃகு நீலம் பாய்ந்துவிடும், அதற்குமேல் போகப் போக எஃகு மிருதுவாகிக்கொண்டே வரும். கையுறை போடாமல் தேய்த்தேன். விரல் பொறுக்காத சூடு வந்ததும் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நுனிப்பக்கம் 3 மி.மீ. ஆனது. 220 கிராம் இரும்பு தூளாய்ப் போனது. எடை மையம் 19-லிருந்து பதினாலரை செ.மீ.க்கு வந்தது.

அடுத்து கைப்பிடி. வந்தது துடைப்பக்கட்டை மாதிரி உருண்டை. உருண்டைப் பிடி கைக்குள் சுழலும், வாளின் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. மரத்தை அரம் போட்டு முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அதன்மேல் சணல் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவினேன். பிறகு ஓரம் சீவிய மெல்லிய ஆட்டுத்தோலை நனைத்துப் போர்த்தி, அதன்மேல் இன்னொரு கயிற்றை இறுக்கிச் சுற்றினேன். தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் நனைந்தால் அதன் நார்கள் இளகி நகரும். உலரும்போது புதிய இடத்திலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் வெளிக்கயிற்றைப் பிரித்தால், அருங்காட்சியக வாள்களில் பார்த்த அதே வரி வரியான தடம்.

நண்பன் வந்து எடுத்து இரண்டு சுற்று சுற்றினான். குமிழைத் தட்டிப் பார்த்தான்.

“முன்னைக்கு எவ்வளவோ தேவலை மச்சான். ஆனா மூக்கு இன்னும் கொஞ்சம் கனம்.”

தேய்க்கும் பட்டை இன்னும் இரண்டு மிச்சமிருக்கிறது.