ஊட்டியில் காய்கறித் தோட்டத்துக்கு நிலம் தேடுவோரே, மே மாதத்தில் முடிவெடுக்காதீர்கள்

நீலகிரியில் தோட்டக்கலை ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு, ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்பு வருகிறது. நேற்று மாலை வரை நன்றாக இருந்த பீன்ஸும் உருளைக்கிழங்குச் செடியும் விடிவதற்குள் வெந்நீர் ஊற்றியதுபோல் வாடிக் கருகிவிட்டன, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்பார்கள். இவ்வாண்டு அப்படிக் கேட்டவர்கள், ஓய்வூதியப் பணத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு உதகைக்கு அருகே ஓடையோரமாக நிலம் வாங்கிக் குடிவந்த தம்பதியர். அங்கே விழுந்தது உறைபனி. அதற்கு மருந்து கிடையாது. நிலம் வாங்குவதற்கு முன்பு கேட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். வாங்கிய பிறகு கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சமவெளியிலிருந்து வருபவர்களிடம் ஓர் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: 'ஊட்டி குளிர்ச்சியான ஊர், குளிர்ச்சியான ஊரில் காய்கறி நன்றாக விளையும், ஆகவே ஊட்டியில் எங்கே வாங்கினாலும் சரி.' இதில் கடைசிப் பகுதி முற்றிலும் தவறு. ஊட்டி என்பது ஒரே தட்பவெப்பம் அல்ல. ஒரே கிராமத்தில், ஒரே சாலையின் மேற்புறத்தில் இருக்கும் நிலத்திலும் கீழ்ப்புறத்தில் இருக்கும் நிலத்திலும் ஜனவரி இரவுகள் வெவ்வேறாக இருக்கும். மேகமற்ற, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவின் வழியே நீரைப் போலக் கீழே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியும்போது பள்ளத்தின் அடியிலுள்ள புல் வெளுத்துக் கிடக்கும். நடுச்சரிவில் இருக்கும் தோட்டத்தில் வெறும் நீர்ப்பனியோடு போயிருக்கும். உயரம் கூடக் கூடக் குளிர் கூடும் என்ற பள்ளிப் பாடம் பகலுக்குப் பொருந்தும். உறைபனி இரவில் நிலைமை தலைகீழாகிவிடும். உயரத்தை மட்டும் பார்த்து இடம் தேர்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நம்பாதவர்கள் ஜனவரியில் உதகைக்கு அருகிலுள்ள தலைகுந்தாவுக்கோ, உதகை தாவரவியல் பூங்காவின் கீழ்ப்பகுதிப் புல்வெளிக்கோ விடியற்காலையில் சென்று பார்க்கலாம். அந்தப் பூங்காவே 1840களில் இங்கு குடியிருந்த ஐரோப்பியர்கள் சந்தா செலுத்தி நடத்திய காய்கறித் தோட்டத்திலிருந்து தொடங்கியதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செய்தித்தாளில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று போட்டிருந்தால், பூஜ்யத்துக்கு மேல்தானே இருக்கிறது, உறைபனி எப்படி வரும் என்று என்னிடம் வாதிடுகிறார்கள். அந்த அளவு, தரையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், கூண்டுக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. உங்கள் பீன்ஸ் இலை தரையை ஒட்டி, திறந்த வானத்தின் கீழ் இருக்கிறது. அங்கே அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கலாம்.

வேதனை என்னவென்றால், வாங்குபவர்கள் தேடுவதே அந்தப் பள்ளத்து நிலத்தைத்தான். சமதளமாக வேண்டும், ஓடை பக்கத்தில் வேண்டும், கார் உள்ளே வர வேண்டும் என்கிறார்கள். கோடை விடுமுறையில் வந்து, பச்சைப் பசேலென்று இருப்பதைப் பார்த்து, தரகரின் பேச்சைக் கேட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மே மாதத்தில் நீலகிரியில் எந்த நிலம்தான் அழகாக இல்லை? நிலத்தைப் பார்க்க வேண்டிய காலங்கள் இரண்டு: ஜனவரியில் சூரியன் எழுவதற்கு முன்பு, ஜூலையில் மழை பிடித்திருக்கும்போது. மிதமான சரிவில், கிழக்கு அல்லது தென்கிழக்கைப் பார்த்த, படிமட்டம் போட்ட நிலமே வீட்டுத் தோட்டத்துக்கு உகந்தது. இங்கு நண்பகலுக்குப் பின் மேகமும் மூடுபனியும் கவியும் நாட்கள் அதிகம் என்பதால் காலை வெயிலை இழந்த நிலம் அன்றைய வெயிலையே இழந்துவிடுகிறது. கிழக்கே உயர்ந்த யூகலிப்டஸ் தோப்பு நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

எந்த ஊர் என்பதை, நீங்கள் எதைச் சமைத்து உண்ண விரும்புகிறீர்கள் என்பதிலிருந்து முடிவு செய்யுங்கள். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப், பட்டாணி, பூண்டு போதுமென்றால் உதகைப் பகுதி சிறப்பு. தக்காளியும் மிளகாயும் கத்தரியும் இல்லாமல் முடியாது என்பவர்கள் குன்னூருக்குக் கீழோ, கோத்தகிரியின் தாழ்ந்த சரிவுகளிலோ, சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டிலோ பார்ப்பது நல்லது. இரவு வெப்பம் 13 டிகிரிக்கும் கீழே இறங்கும் இடத்தில் தக்காளி பூக்கும், காய் பிடிப்பது அரிது.

மழையும் மலைக்கு மலை மாறுகிறது. தொட்டபெட்டா முகட்டுக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழையின் ஆதிக்கம். அந்தப் பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பகுதிக்கு அக்டோபர், நவம்பர் மழையே முக்கியம். 2009 நவம்பரில் இப்பகுதிகளில் மண் சரிந்து உயிர்கள் போயின. விழுந்த சரிவில் மறுபடியும் மண்ணை வெட்டி வீடு கட்டுகிறார்கள். தயவு செய்து அங்கே வாங்காதீர்கள்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்குள்ள செம்மண் பெரும்பாலும் அமிலத் தன்மையுடையது; கார அமில நிலை (pH) 5க்கும் கீழே இருப்பது சாதாரணம். பரிசோதித்து, அளவறிந்து சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டால் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதவை வேறு இருக்கின்றன. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961இல் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் பயிரே இல்லாத மண்ணிலும் பத்தாண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்கும். முட்டைக்கோஸ் வேர் வீக்க நோயும் அப்படித்தான். ஆகவே முந்தைய உரிமையாளரிடம் கடந்த ஆண்டுகளில் என்ன பயிர் செய்தார் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய தோட்டத்து மண்ணை லாரியில் வாங்கிக் கொட்டும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள்.

பட்டா இருப்பதாலேயே வீடு கட்டலாம் என்று எண்ண வேண்டாம். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வரும் கிராமங்களில் தனி அனுமதி தேவை. மரம் வெட்டவும், பொக்லைன் இறக்கவும், ஆழ்துளைக் கிணறு தோண்டவும் கட்டுப்பாடுகள் உள்ளன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். காட்டெருமை நடமாடும் தடத்தில் கம்பி வேலி நிற்காது. காட்டுப்பன்றிக்குக் கேரட் பாத்தி ஒரு இரவு வேலை.

எல்லாவற்றையும்விட நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான். நிலம் வாங்குமுன் அந்தப் பகுதியிலேயே ஓராண்டு வாடகைக்குக் குடியிருங்கள். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்ற மூன்று பயிர்ப் பருவங்களையும் பக்கத்து விவசாயியின் நிலத்தில் கண்ணால் பாருங்கள். அவர் எந்த மூலையை ஜனவரியில் வெறுமையாக விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். ஏன் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

ஏற்கெனவே பள்ளத்து நிலம் வாங்கிவிட்டவர்கள் விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே முட்டைக்கோஸ், பூண்டு, டர்னிப், கேரட் மட்டும் இருக்கட்டும். பீன்ஸையும் உருளைக்கிழங்கையும் உறைபனி முடியும் காலம் பார்த்து முளைக்க விடுங்கள். நாற்றங்காலைச் சரிவின் மேல் பகுதிக்கு மாற்றுங்கள். வானம் தெளிந்து காற்று அடங்கிய மாலைகளில் இளஞ்செடிகளைச் சூரியன் மறையுமுன் மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் தரையின் சூடு ஏற்கெனவே போயிருக்கும். வெயில் ஏறியதும் மூடியதை எடுத்துவிடுங்கள்.