மன்றத்து வண்டிக்கு ஆர்சி யார் பெயரில்?

விபத்தான வண்டியைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் பட்டறை ஒன்றில் ஒரு மாருதி ஆம்னி வேன். பின்கண்ணாடி முழுக்கக் கபடிக் குழுவின் பெயர். ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு செகண்ட்ஹேண்டில் வாங்கியது. டயர் வெடித்துப் புளியமரத்தில் மோதியிருக்கிறது. நல்லவேளை, பெரிய அடி யாருக்கும் இல்லை.

மிச்சமிருந்த டயரின் பக்கவாட்டில் 2315 என்று இருந்தது. 2015-ஆம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். தரையைப் பிடிக்கும் பட்டன் தேயவே இல்லை. ரப்பர்தான் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. மன்றத்து வண்டிகளுக்கு இதுதான் வியாதி. ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம்.

டேஷ்போர்டில் ஒரு நோட்டு கிடந்தது. பெட்ரோல் 800, டீ 240, ஆயுத பூஜைக்கு மாலை, பூசணிக்காய் 350. இரண்டு வருடக் கணக்கில் ஆயில் மாற்றியதாக ஒரு வரி இல்லை. ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் ஆயில் அளவு தெரியும். எட்டுப் பேர் ஓட்டும் வண்டியில் அதை யார் தூக்குவது?

போகிற செலவுக்கு எல்லோரும் காசு தருவார்கள், நிற்கிற வண்டிக்குத் தர மாட்டார்கள். அதனால் போகும்போதே வாங்கிவிடுங்கள். பெட்ரோல் போகக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், வருடம் 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 15,000 சேரும். இன்சூரன்ஸ், ஆயில், டயர் எல்லாம் அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். சாவி யாரிடமும் இருக்கட்டும், இந்தப் பணமும் சீட்டைத் தூக்கும் வேலையும் ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

அப்புறம் இன்சூரன்ஸ். செலவு குறையும் என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தார்கள். வெளியே அடிபட்டவருக்குத்தான் அது. சொந்த வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸில் உள்ளே இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் ஆர்சியில் இருக்கிற சீட்டுக் கணக்குக்குத்தான். கபடி அணிக்கு 12 பேர், அந்த வண்டிக்கு 8 சீட். இதில் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டபோது விபத்து நடந்தால் கிளெய்ம் தேறுவது கஷ்டம்.

ஆர்சியில் பெயர் இருந்த தம்பி மலேசியாவில் வேலை பார்க்கிறார். யாராவது விபத்து நஷ்டஈடு கேட்டு எம்சிஓபி வழக்குப் போட்டால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும். வண்டி கைமாறிப் போயிருந்தாலும் ஆர்சியில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மன்றத்தை 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருந்தால் மன்றத்தின் பெயரிலேயே ஆர்சி வாங்கலாம். இவர்கள் பதிவு செய்யவில்லை.

போன வாரம் செயலாளர் போன் செய்தார். “அண்ணே, வேற வண்டி ஒண்ணு பார்த்திருக்கோம், டயரெல்லாம் புதுசு.”

“சரி தம்பி, ஆர்சி யார் பேர்ல எடுக்கப் போறீங்க?”

“அது... பசங்களக் கேட்டுட்டுச் சொல்றேண்ணே” என்றார். இன்னும் சொல்லவில்லை.