முதல் வாக்கியத்துக்கு முன்னால் மூளையில் நடப்பது

பதினோரு வருடமாகக் காலையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் முதல் வாக்கியம் சுலபமாக வருவதில்லை. ஆனால் மேசைக்குப் போய் உட்காருவது வந்துவிடுகிறது. டிகாஷன் இறங்கி, காபி கலந்து, டம்ளரைக் கையில் எடுத்தால் கால் தானாக ஜன்னலோரம் போகிறது, கை தானாக லாங் சைஸ் நோட்டைத் திறக்கிறது, பேனா மூடி கழன்று பக்கத்தின் மேல் ஓரத்தில் தேதி விழுந்த பிறகுதான் 'சரி, இன்றைக்கு என்ன' என்ற யோசனையே எழுகிறது. உட்காருவது இவ்வளவு பழகிவிட்டதே, எழுதுவது மட்டும் ஏன் பழகவில்லை என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். மூளை ஒரு பழக்கத்தை எப்படிக் கட்டுகிறது என்று படித்த பிறகுதான் அதற்கு விடை கிடைத்தது. தினமும் எழுத ஆசைப்பட்டு நடுவில் விட்டவர்கள் பலருக்கும் அது உதவும் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியல் அறிஞரின் குழு 1990களில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தது. ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு பாதை, அதன் அடியில் எலி. 'க்ளிக்' என்று சத்தம் வரும், கதவு திறக்கும், எலி ஓடும். வழியில் ஓர் ஒலி கேட்கும். அது எந்த ஒலி என்பதைப் பொறுத்து இடமோ வலமோ சரியாகத் திரும்பினால் சாக்லேட் கிடைக்கும். ஓடும் எலியின் மூளைக்குள் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, எந்த நொடியில் எந்த நரம்பணு துடிக்கிறது என்று பதிவு செய்தார்கள். ஆரம்ப நாட்களில் ஓடும்போது, திரும்பும்போது என வழி நெடுக அந்த அணுக்கள் துடித்தன. எலிக்குப் பாதை பழகப் பழக நடுவழியில் துடிப்பு அடங்கிவிட்டது. கதவு திறக்கும் இடத்தில் ஒரு துடிப்பு, சாக்லேட் இருக்கும் இடத்தில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான்.

அதாவது பல சின்னச் சின்னச் செயல்களை மூளை ஒரே மூட்டையாகக் கட்டி, இந்த முனையில் ஒரு முடிச்சு, அந்த முனையில் ஒரு முடிச்சு போட்டுவிடுகிறது. முதல் முடிச்சைத் தொட்டால் போதும், மூட்டை முழுக்கத் தானாக அவிழும். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்த பிறகு 'பூட்டினோமா' என்று சந்தேகம் வருகிறதே, அது இந்த மூட்டையின் வேலைதான். சாவியைத் திருப்பியது நாம்தான், ஆனால் கவனம் அங்கே இருக்கவே இல்லை.

ஆனால் மூட்டை கட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் படிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பூட்டு மாறாது, சாவி மாறாது. எழுத்தில் ஒவ்வொரு வாக்கியமும் புதிது. நேற்று எழுதியதை இன்று அப்படியே திரும்ப எழுதப் போவதில்லை. ஆகவே எழுதும் வேலை எத்தனை வருடமானாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும், யோசித்துச் செய்கிற பகுதியின் தலையில்தான் விழும். பழக்கமாக மாறக்கூடியது அதற்கு முந்தைய பகுதி மட்டும்: எழுந்திருப்பது, உட்காருவது, நோட்டைத் திறப்பது. உடற்பயிற்சியை வைத்து அலிசன் ஃபிலிப்ஸ், பெஞ்சமின் கார்ட்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் இதே வேறுபாட்டைச் சோதித்தார்கள். 'தொடங்கும் பழக்கம்' ஒன்று, 'செய்யும் பழக்கம்' இன்னொன்று என்று பிரித்துப் பார்த்தபோது, ஒருவர் எத்தனை தடவை உடற்பயிற்சி செய்கிறார் என்பதோடு ஒட்டிப் போனது தொடங்கும் பழக்கம்தான். எழுத்துக்கும் இது பொருந்தும் என்பது என் முடிவு. 'எழுதுவது இன்னும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அப்படியானால் எனக்குப் பழக்கமே வரவில்லை' என்று நினைத்து விட்டுவிடுகிறார்களே, அவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படுகிறது. கஷ்டமாக இருப்பதுதான் அந்த வேலையின் இயல்பு. அவர்களுடைய பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

சரி, தொடங்கும் பழக்கம் எத்தனை நாளில் வரும்? 21 நாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த எண் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது சுமார் 21 நாள் ஆவதைக் கவனித்ததாக அவர் சொன்னார். 'குறைந்தது', 'சுமார்' இரண்டும் காலப்போக்கில் உதிர்ந்து எண் மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓடப் போவது என்று ஆளுக்கொரு செயல், அதற்கு ஒரு குறிப்பிட்ட தருணம். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலை வர, நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரியது, கணக்கின்படி 18 நாளில் இருந்து 254 நாள் வரை. எளிய செயல் சீக்கிரம் படிந்தது, உடலை வருத்துகிற செயல் மெதுவாகப் படிந்தது. அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இன்னொன்று: ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவதில் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் விடுவது அந்த ஒரு நாளில் இல்லை, அதற்கு அடுத்த நாளில்தான். நேற்று எழுதவில்லையே என்ற குற்ற உணர்ச்சி இன்றைக்கு நோட்டைத் திறக்க விடாது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துவிட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போடுவது சோம்பலால் மட்டும் வருவதில்லை, ஒரு வேலை கிளப்பும் கசப்பான உணர்ச்சியிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கும் வழியும் அதுதான் என்று டிம் பிச்சில், ஃபூஷியா சிராய் போன்ற ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கசப்பு குறைந்தால் தப்பிக்க வேண்டிய தேவையும் குறையும். என் நோட்டில் சில பக்கங்களில் தேதியும் 'இன்று இல்லை' என்ற இரண்டு சொல்லும் மட்டும் இருக்கின்றன. அதை எழுத உட்கார்ந்தேனே, முடிச்சு விழுந்துவிட்டது.

தொடங்கும் தருணத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலும் ஆய்வுகள் தெளிவாக இருக்கின்றன. 'நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்' என்பது மூளைக்கு எந்தச் சைகையும் தருவதில்லை, எலிக்குக் கேட்ட க்ளிக் அதில் இல்லை. 'காபி டம்ளரை எடுத்ததும் மேசைக்குப் போவேன்' என்பதில் இருக்கிறது. இப்படி 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கோத்து வைப்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர், பாஸ்கல் ஷீரன் இருவரும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் ஆசையை விட இது நினைத்ததைச் செய்ய வைப்பதில் நன்றாகவே உதவியது. கடிகார நேரத்தை விட ஏற்கெனவே தினம் நடக்கிற ஒரு காரியத்தோடு கோப்பது எனக்குச் சரியாக வந்தது. ஊருக்குப் போனாலும் காபி இருக்கும்.

இனி கவனச் சிதறல். அதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று போன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சைலன்ட்டில் போட்ட போன் மேசை மேல் சும்மா இருந்தாலே, அதைப் பக்கத்து அறையில் வைத்தவர்களை விட நினைவுச் சோதனைகளில் மதிப்பெண் குறைந்தது. போன் தங்களைப் பாதிக்கவில்லை என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் இந்த விளைவு இவ்வளவு துலக்கமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் என் போன் காலையில் ஹாலில் டிவி ஸ்டாண்டின் மேல்தான் கிடக்கும். எட்டும் தூரத்தில் இருக்கும் ஒன்றை எடுக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான், அந்த வேலைக்கும் அதே மூளையிலிருந்துதான் சக்தி போகிறது.

இரண்டாவது வகையை ஒதுக்க முடியாது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும், அம்மா கூப்பிடுவார், தண்ணீர் வரும் நேரம் மோட்டார் போட வேண்டும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டியது இது: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். தோசைக்கல்லில் முந்தைய தோசை ஒட்டியிருப்பது போல, அடுத்தது சரியாக வராது. பின்னால் செய்த ஆய்வில் அவரே ஒரு வழியும் கண்டார். எழுந்து போவதற்கு முன் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று சட்டென்று குறித்துவிட்டால் அந்த ஒட்டல் குறைகிறது. நான் விசில் சத்தம் கேட்டதும் பக்க ஓரத்தில் ஐந்தாறு சொல் கிறுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அந்தச் சொற்கள் எனக்காகக் காத்திருக்கின்றன.

அப்புறம், எல்லாவற்றையும் விடப் பெரிய தடை. 'இதை எழுத நீ யார்?' என்ற குரல். இதை நான் முதலில் குணத்தின் கோளாறு என்று நினைத்தேன். இதில் மூளையின் இடப் பற்றாக்குறைக்கும் பங்கு இருக்கிறது. இந்த நொடியில் கையாள வேண்டியவற்றை வைத்திருக்கும் தற்காலிக நினைவில் சுமார் நான்கு விஷயங்களுக்குத்தான் இடம் என்பது நெல்சன் கோவன் 2001-இல் முன்வைத்த கணக்கு. எழுதும்போது அந்தச் சின்னத் திண்ணையில் என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று ஏற்கெனவே கூட்டம். அங்கேயே 'இது நன்றாக இருக்கிறதா' என்ற நீதிபதியும் வந்து உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கீழே விழத்தான் வேண்டும். பெரும்பாலும் விழுவது சொல்ல வந்த விஷயம்.

மைக் ரோஸ் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் கலிஃபோர்னியா மாணவர்கள் பத்துப் பேரைப் பற்றி எழுதினார். ஐந்து பேர் எழுத முடியாமல் தவித்தவர்கள், ஐந்து பேர் சரளமாக எழுதியவர்கள். திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை. தவித்தவர்களிடம் விட்டுக்கொடுக்க முடியாத விதிகள் இருந்தன. ஒரு மாணவி, ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே இலக்கணப் பிழையில்லாமல் வந்தால்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போவார். மற்ற ஐந்து பேரிடமும் விதிகள் இருந்தன, ஆனால் உதவாத இடத்தில் அவற்றைத் தள்ளி வைத்துவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் குரல் கெட்டிக்காரர்களை விட்டுவைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஜான் ஸ்டைன்பெக் 1938 மே கடைசியில் தன் பெரிய நாவலான 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்'தைத் தொடங்கியபோது கூடவே ஒரு நாட்குறிப்பும் வைத்துக்கொண்டார். தினமும் முதலில் அதில் கொஞ்சம் எழுதிக் கையைச் சூடாக்கிக்கொண்டு பிறகு நாவலுக்குப் போவார். நாளுக்கு ஏறக்குறைய 2000 சொல். அந்த நாட்குறிப்பில் என்னதான் இல்லை! பக்கத்தில் வீடு கட்டும் சுத்தியல் சத்தம், மனைவிக்கு டான்சில் ஆபரேஷன், வந்து தங்கும் விருந்தினர்கள், திவாலாகும் பதிப்பாளர். நடுவில், நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் மற்றவர்களையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி. அதை எழுதிவிட்டும் நாவலுக்குத் திரும்பினார். அக்டோபர் 26-ஆம் தேதி முடித்தார். 1940-இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. சந்தேகம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அதற்கு வேறொரு நோட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நீதிபதி அங்கே பேசி முடித்துவிட்டால் திண்ணையில் இடம் காலியாகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

'தோன்றும்போது எழுதினால்தானே நன்றாக வரும்' என்று கேட்பவர்களுக்கு ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். எழுத முடியாமல் திணறிய கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு அவசரம் தவிர எழுதக் கூடாது, ஒரு குழு மனம் வரும்போது எழுதலாம், ஒரு குழு கட்டாயம் எழுத வேண்டும். கட்டாயக் குழு அதிகப் பக்கம் எழுதியது, அது எதிர்பார்த்ததே. புது யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன: ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. மனம் வரும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. காலையில் எழுதிய நாளில் பஸ்ஸில் போகும்போதும் மனது அதே விஷயத்தை அரைத்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எலிக்கு இரண்டாவது முடிச்சும் இருந்தது, முடிவில். அதனால் நான் எழுந்திருப்பதற்கும் ஒரு சடங்கு வைத்திருக்கிறேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துவேன், பக்கத்தின் அடியில் மறுநாளுக்கு ஒரு வரி, பேனா மூடி, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு. நேற்றைய பக்கத்தின் அடியில் இருப்பது இது: 'ஸ்டைன்பெக், பக்கத்து வீட்டுச் சுத்தியல், அங்கிருந்து.'