நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் கற்றல் குறைபாடு இருக்கலாம்: சட்டம் தரும் உரிமைகள்

மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் கரும்பலகையில் படம் போட்டு வகுப்புக்கே விளக்கிவிடும் பிள்ளை, அதே பாடத்தைத் தேர்வுத்தாளில் எழுதும்போது ‘மின்சுறு’ என்று எழுத்தை விட்டுவிட்டு மூன்று வரிகளோடு நிறுத்திவிடுவதுண்டு. கவனம் போதவில்லை என்று சொல்லி நாமும் அதைக் கடந்துவிடுகிறோம். உயர்ந்த அறிவுத்திறனும், டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்கிராபியா (எழுதுவதில் சிரமம்) போன்ற குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கும்போது, திறன் குறைபாட்டை மறைக்க, குறைபாடு திறனை மறைக்க, மதிப்பெண் பட்டியலில் ஒரு சராசரி மாணவரே தெரிகிறார்.

இப்பிள்ளைகளுக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அவர்களுக்குரிய பாதுகாப்பு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலிருந்தே கிடைக்கிறது. அச்சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில், டிஸ்லெக்சியா, டிஸ்கிராபியா போன்றவை அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதும் ஒன்று. அதை இயன்றவரை விரைவில் கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிப்பது பள்ளியின் கடமை என்று 16ஆம் பிரிவும், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு வழிசெய்ய வேண்டும் என்று 17ஆம் பிரிவும் கூறுகின்றன. பிள்ளை தேர்வில் தோற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இவ்விரு பிரிவுகளிலும் இல்லை. ஆகவே, ‘நன்றாகத்தானே மதிப்பெண் வாங்குகிறான்’ என்று சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

பரிசோதனையில் நுண்ணறிவுச் சோதனையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை அளக்கும் சோதனையும் இடம்பெறும். உளவியலாளரிடம் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பெறாமல், உட்பிரிவு வாரியான மதிப்பெண்களையும் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும். பகுத்தாராய்வதில் மிக உயர்ந்தும் எழுதும் வேகத்தில் மிகத் தாழ்ந்தும் இருக்கும் பிள்ளையின் உண்மை நிலை, கூட்டிப் பார்க்கும் ஒற்றை எண்ணில் கரைந்துபோகிறது.

உயர்கல்வியில் 5 விழுக்காட்டு இடஒதுக்கீடு பெற, குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். ஆனால் தேர்வில் சொல்வதை எழுதுபவரைப் பெறுவதற்கு அந்த அளவைக் கட்டாயமாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில், குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், டிஸ்கிராபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் உரிய ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம் மறுக்கப்பட்டது தவறு என்றும் அது தீர்ப்பளித்தது. பள்ளியோ தேர்வு மையமோ தயங்கும்போது இவ்விரு தீர்ப்புகளையும் விண்ணப்பத்தில் குறிப்பிடலாம்.

திறனை வளர்க்கும் பக்கத்தில் ஏற்பாடுகள் இன்னும் மெலிந்தே இருக்கின்றன. தனித்திறன் மிக்க மாணவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை சொன்னாலும், அது கேட்டுப் பெறும் உரிமையாகவில்லை. ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் சிறப்புத் தேவையுள்ளோர்க்குக் கூடுதல் நேரம் உண்டு; தகுதியுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இக்குறைபாட்டைக் காரணம் காட்டி விண்ணப்பிக்காமல் நிறுத்தக் கூடாது.

பொதுத்தேர்வில் இச்சலுகைகளைப் பெற, பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே சான்றிதழுடன் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது. மொழிப்பாட விலக்கைக் கேட்குமுன் பிள்ளையின் விருப்பத்தை அறிய வேண்டும். எழுத்துப்பிழைகளுக்கு நடுவிலும் கவிதையை ரசிக்கும் பிள்ளைக்கு, விலக்கைவிடக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவருமே பொருத்தமான உதவியாக இருக்கும்.